ராமேஸ்வரத்து சர்வரில் டீபக் ஆன் செய்த வாரம்

"தம்பி, உங்க சாப்ட்வேர் என்ன சொல்லுதுன்னு எனக்கு வேணாம். என்கிட்ட வர்ற பிள்ளத்தாச்சிங்க விவரம் பூரா இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. யாருக்கு என்ன ரத்தம், யாருக்கு முந்தின பிரசவத்துல என்ன ஆச்சு, எல்லாம். இது போச்சுன்னா நான் கண்ணக் கட்டிக்கிட்டுத்தான் பிரசவம் பாக்கணும்."

முதல் நாளே டாக்டரம்மா இப்படிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடலோரத்தில் இருக்கும் சின்ன மகப்பேறு மருத்துவமனை அது. ஒரே ஒரு சர்வர். அதற்குள் மூன்று விஎம். ஒரே இயந்திரத்துக்குள் மூன்று கணினிகள் தனித்தனியாகக் குடித்தனம் நடத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றையும் நகலெடுத்து, ரேடியோ லிங்க் வழியாகக் கடல் தாண்டி அக்கரையில் இருக்கும் மண்டபம் ஊருக்கு அனுப்ப நாங்கள் புதிதாக பேக்கப் சாப்ட்வேர் போட்டிருந்தோம். அது ஒரு தடவைகூட முழுசாக முடியவில்லை. போதாக்குறைக்கு சர்வர் டிஸ்க்கில், பழுதாகப் போகிறது என்று எச்சரிக்கும் மஞ்சள் விளக்கு வேறு. மாற்று டிஸ்க் சென்னையிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

சாப்ட்வேர் தன் வேலையைக் குறித்து வைக்கும் சாதாரண லாக்கில் ஒரே வரிதான்: நெட்வொர்க் எரர். லிங்கைச் சோதித்தால் நன்றாக இருக்கும். சாப்ட்வேர் கம்பெனி சப்போர்ட்டில் இருந்த பெண், "டீபக் ஆன் பண்ணி லாக் அனுப்புங்க சார்" என்றார். டீபக் ஆன் செய்தால் சாப்ட்வேர் தான் செய்கிற ஒவ்வொரு சின்ன வேலையையும் லாக்கில் எழுதும்.

ஆன்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கவனியுங்கள். முதலில் டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலி என்று பாருங்கள். லாக்கை எவ்வளவு விரிவாக எழுதுவது என்கிற லெவல் இப்போது என்னவென்று குறித்து வையுங்கள். நகலெடுக்கும் ஜாப் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் லெவலை மாற்றி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓடுகிற ஜாபின் கழுத்தில் கை வைத்தால் நகல் பாழாகிவிடும்.

நின்றால் தானாகவே மறுபடி கிளம்பும்படி ஜாபை வைத்துவிட்டு லாக்கைத் திறந்தேன். சாப்ட்வேர் தானே எழுதிக்கொண்டு போகிறது: இந்தத் துண்டைப் படித்தேன், அனுப்பினேன், பதில் வரவில்லை, காத்திருக்கிறேன், மறுபடி அனுப்புகிறேன். திரையில் நிற்காமல் வரி வரியாக ஓடுகிறது. இதுவரை திரையில் நான் பார்த்த 'ரன்னிங்' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒரு ஜீவன் இத்தனை பாடு பட்டிருக்கிறது. நானோ அதைத் திட்டிக்கொண்டே டீ குடித்திருக்கிறேன்.

சில நாள் லாக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதில் வராத நேரம் தினமும் இருந்தது. ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. நேற்றைவிட இன்று கொஞ்சம் பிந்தி, இன்றைவிட நாளை இன்னும் கொஞ்சம் பிந்தி. எந்தக் கணினிக்கும் இப்படி ஒரு பழக்கம் கிடையாது.

மொட்டை மாடி

அதற்குள் எங்கள் ஓனர் பாண்டியண்ணன் போன் செய்துவிட்டார். "ஏலே முருகேசா, டீபக்க இன்னுமா ஆஃப் பண்ணல? லாக்கு ரொம்பி சர்வரே படுத்துக்கிரும்லே. டாக்டரம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"இன்னைக்கு ஒரு நா பொறுங்கண்ணே. என்னமோ பிடிபடுற மாதிரி இருக்கு."

ரேடியோ லிங்க்கின் டிஷ்ஷைப் பார்க்கலாம் என்று மாடிக்குப் போனேன். மருத்துவமனையின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கும் சகாயமேரியும் வந்தாள். பாம்பன்காரி. நான் கரையைப் பார்த்துக் கேட்டேன்: "காலைல அங்கன பாறை தெரிஞ்சுச்சே, எங்க காணோம்?"

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாறை எங்கண்ணே போகும்? கடல் ஏறியிருக்கு. பெறகு வத்தும்."

"தெனம் இதே நேரத்துக்கா?"

"இல்லண்ணே. தெனம் தள்ளித் தள்ளிப் போகும்."

லாக்கில் பதில் வராத நேரமும் இப்படித்தான் தினம் தள்ளிப் போயிருந்தது. நான் நயினார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் கண்மாய் மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும். ஒரே நாளில் ஏறி இறங்குகிற தண்ணீர் என் கணக்கிலேயே இருந்ததில்லை. கீழே ஓடி, அவள் போனில் கடல் ஏறும் நேரத்தையும் வற்றும் நேரத்தையும் எடுத்து லாக்கோடு வைத்துப் பார்த்தோம். தண்ணீர் ஏறியபோதெல்லாம் லாக்கில் பதில் இல்லை. கடலென்றே கேள்விப்படாத ஒரு சாப்ட்வேர், கடல் ஏறியதையும் வற்றியதையும் ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தது.

விஷயம் இதுதான். ரேடியோ அலை மண்டபத்துக்கு நேராகவும் போகும், தண்ணீரில் பட்டுத் தெறித்தும் போகும். தண்ணீர் ஒரு மட்டத்துக்கு வந்தால் இரண்டும் மோதி ஒன்றையொன்று அழித்துவிடும். டிஷ்ஷை மாடி ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி, அதற்கு மண்டபத்து டவர் மட்டும் தெரிந்து கீழே இருக்கும் கடல் தெரியாதபடி, கைப்பிடிச் சுவர் மறைக்கிற இடத்தில் பொருத்தினோம்.

ஆஃப்

பழைய லெவலைத் திரும்ப வைத்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, பெரிய லாக்கை அழித்தேன். ஆஃப் செய்ய மனசே இல்லை என்பதுதான் உண்மை. ஜாப் கிளம்பியது. கடல் ஏறியது. பாறை முங்கியது. ஜாப் நிற்கவில்லை. முதல் முழு நகல் மண்டபம் போய்ச் சேர்ந்தது.

சென்னை டிஸ்க் வருவதற்குள் சர்வர் உயிரை விட்டது. மண்டபத்து நகலை வேறொரு மெஷினில் ஏற்றிக்கொண்டிருந்தபோதே தனுஷ்கோடிப் பக்கமிருந்து ஒரு பெண்ணை வலியோடு கொண்டுவந்தார்கள். பதற்றத்தில் வீட்டார் பழைய சீட்டு எதையும் எடுத்து வரவில்லை. விஎம் எழுந்தது. டாக்டரம்மா அந்தப் பெண்ணின் பெயரைத் தட்டினார். முந்தின பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவே இல்லை என்று இருந்தது. அரிதான ரத்த வகை. அப்போதே ராமநாதபுரத்துக்குப் போன் செய்து ரத்தத்தை வரவழைத்தார். அது தேவைப்பட்டது.

சாயங்காலம் டாக்டரம்மா சர்வர் அறைக்குள் எட்டிப் பார்த்து, "ரெண்டு உசுரும் நல்லா இருக்கு தம்பி" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. லாக்கைத் திறந்தேன். அந்த நகலுக்கு அதில் ஒரே வரி: சக்சஸ்.

டீபக் எப்போதும் ஆஃபில்தான் இருக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை இப்போது நான் அவசரமாகக் கடந்து போவதில்லை. இன்றைக்கும் அந்த மருத்துவமனைக்குப் போனால், முதலில் மாடியேறிப் பாறை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சர்வர் அறைக்குப் போகிறேன்.