ஒற்றைக்காதுப் பூதம் புறப்பட்ட நேரம்

ஒன்பது இருபது உசிலம்பட்டி வண்டி ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்குள் திரும்பும்போது, பூதம் மலையிலிருந்து பாதி தூரம் இறங்கியிருந்தது. டைம் கீப்பர் நல்லகாமன் பூதத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, வண்டி வந்த நேரத்தைப் பதிவேட்டில் குறித்தார். கண்டக்டரிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு தன் நீள நோட்டைப் பிரித்து பூதத்தை மறுபடி நடக்கவிட்டார்.

காக்கிச் சட்டை, காதில் செருகிய பேனா, ஐம்பது வயது. இந்த மனிதர்தான் சென்னையிலிருந்து வரும் வார இதழில் நாற்பது வாரமாக மாயாஜாலத் தொடர் எழுதுகிறார் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. நானும் நம்பவில்லை. அந்த நோட்டைப் பார்த்த பிறகு வேறு வழியில்லாமல் போய்விட்டது.

நோட்டின் வலப்பக்கத்தில் கதை. இடப்பக்கத்தில் பஸ்ஸுக்குப் போடுகிற அதே கட்டங்கள்: புறப்பட்டது, சேர்ந்தது, தாமதக் காரணம். இளவரசி, சூனியக்காரி, பறக்கும் ஆமை எல்லோருக்கும் ஆளுக்கொரு வரி. "பறக்குற ஆமைன்னாலும் இங்கெருந்து திருப்பரங்குன்றம் போக அதுக்குன்னு ஒரு நேரம் ஆகும்ல சார்? கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போச்சுன்னு எழுதுனா பிள்ளைக சிரிச்சுப்புடும்." யாருக்காவது 'சேர்ந்தது' கட்டம் காலியாக இருந்தால் அவர் கதையை முடிப்பதில்லை. ஏற்றிய ஆளை இறக்கிவிட வேண்டும் என்பது அவர் சட்டம்.

மனைவி செல்லத்தாய்க்கு இதில் கொஞ்சம் மனக்குறைதான். "சிலிண்டர் புக் பண்ணுன தேதியக் கேட்டா முழிப்பாக. பூதம் பல்லு வெளக்குன நேரத்தக் கேளுங்க, நிமிசத்தோட சொல்லுவாக."

ஒருமுறை நோட்டு மாறிவிட்டது. கம்பம் வண்டி நாற்பது நிமிடம் தாமதமாக வந்ததற்கு, 'ஏழு தலை நாகம் வழிமறித்தது' என்று அரசாங்கப் பதிவேட்டில் காரணம் எழுதிவிட்டார். சோதனைக்கு வந்த அதிகாரி விருமாண்டி நிதானமாகப் படித்துவிட்டு, "இந்த நாகம் எந்த டெப்போய்யா?" என்றாராம். மெமோ வரும் என்று இவருக்கு வேர்த்துவிட்டது. விருமாண்டி ஜீப்பில் ஏறும்போது, "அடுத்த வாரம் அது என்ன செய்யுது?" என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்.

இந்த மாசியில் இதழின் ஆசிரியரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'இரண்டு வாரத்தில் முடிக்கவும். பூதம் சாகட்டும். வாசகர்கள் அழ வேண்டும்.'

நல்லகாமனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சூனியக்காரி ஒரு காதை அறுத்துக்கொண்டு போன பிறகும் பிள்ளைகளைத் தோளில் சுமந்து திரிகிற பூதம் அது. நிலைய வாசலில் மல்லிகை விற்கும் தங்கப்பொண்ணுக்கும் அதன்மேல் உயிர். எழுதப் படிக்கத் தெரியாதவள். வியாழக்கிழமைதோறும் இவர் வாசிப்பார், அவள் பூக்கட்டிக்கொண்டே கேட்பாள். கார்டு விஷயம் தெரிந்ததும் சொல்லிவிட்டாள்: "ஒத்தக்காதன சாகடிச்சுப்புடாதீகண்ணே. அப்பறம் ஒங்க கதைப் பக்கமே நான் வர மாட்டேன்."

"மேலெடத்து உத்தரவும்மா" என்றார் இவர். ஆனால் கொல்லவில்லை. கடைசி அத்தியாயத்தில் பூதம் பிள்ளைகளை ஆற்றுக்கு அக்கரையில் இறக்கிவிட்டு, தொலைந்துபோன காதைத் தேடிக் கிளம்புகிறது. அனுப்பிவிட்டாரே தவிர, நிம்மதியில்லை. முந்தைய தொடரில் ஆசிரியர் தன் கையாலேயே முடிவை மாற்றி ஒரு குதிரையைக் கொன்றிருந்தார். பத்து நாள் இவர் பதிவேட்டில் அடித்தலும் திருத்தலும்தான்.

அந்த வியாழக்கிழமை நானும் இருந்தேன். எஸ்.டி.டி. பூத்தை ஒட்டிய கடையில் கட்டுப் பிரித்ததும் இதழை வாங்கி, நின்றபடியே கடைசிப் பக்கத்துக்குப் போனார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு நேராகப் பூக்கூடை அருகில் வந்து குத்தவைத்து, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்தார். ஆசிரியர் ஒரு வரியைக்கூட மாற்றியிருக்கவில்லை.

தங்கப்பொண்ணு நாரைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். முடிந்ததும், "காது கெடைச்சுருமாண்ணே?" என்றாள்.

"தேடிப் போயிருக்கும்மா."

தேனி வண்டி ஹாரன் அடித்தது. எழுந்து போய் அதன் நேரத்தைக் குறித்தார். நீள நோட்டைப் பிரித்து, ஒற்றைக்காதுப் பூதம் என்ற வரியில், புறப்பட்டது: காலை 6.10 என்று எழுதினார். 'சேர்ந்தது' கட்டத்துக்கு மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் பேனாவை மூடிக் காதில் செருகிக்கொண்டு, கட்டத்தைக் காலியாகவே விட்டு நோட்டை மூடினார்.