சிவப்புக் காரில் ஒரு மூன்று

ஓசூரில் நான் வேலை செய்யும் பட்டறையில் அளவு சரிபார்ப்பது என் பொறுப்பு. முதலாளிக்குப் பழைய கார்கள் என்றால் பைத்தியம். இரண்டாம் உலகப்போருக்கு முன் இங்கிலாந்தில் செய்த இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களை உத்தனப்பள்ளி சாலையில் ஒரு ஷெட்டில் வைத்திருந்தார். ஒன்று சிவப்பு, மற்றது பச்சை. பெங்களூர் சேகரிப்பாளர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து ஒன்றை எடுப்பதாக இருந்தது.

“ரெண்டையும் ஒப்பிட்டு ஒரு ரிப்போர்ட் போட்டுக் குடும்மா. உன் கையெழுத்து இருந்தா நம்புவாரு,” என்றார் முதலாளி. என் பெயரில் போகும் முதல் சான்று. வழக்கமாக அவர் இவ்வளவு இனிமையாகப் பேசுவதில்லை.

சனிக்கிழமை காலை தாளை இரண்டாக மடித்தேன். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. பச்சையின் பெயின்ட் வெடித்திருந்தது. தரைப்பலகையைக் கரையான் தின்றிருந்தது. ஆனால் எங்கள் மில்லிமீட்டர் ஸ்பேனர் எதுவும் அதன் போல்ட்களில் சரியாக உட்காரவில்லை. எல்லாம் பழைய இங்கிலீஷ் அளவு, அசல் போல்ட்கள். சிவப்பு பளபளத்தது, தொட்டதும் ஸ்டார்ட் ஆனது. எங்கள் பதின்மூன்று மில்லிமீட்டர் ஸ்பேனர் அதன் போல்ட்களில் கச்சிதமாக உட்கார்ந்தது. போல்ட் மாற்றுவது குற்றமில்லை. குறித்துக்கொண்டேன்.

பிறகு சிவப்பின் அடிச்சட்டத்தில் அடித்திருந்த சேஸ் எண்ணைத் துடைத்து டார்ச் அடித்தேன். அந்த எண்ணில் மூன்று இருமுறை வந்தது. இரண்டிலும் கீழ்வளைவில் ஒரே இடத்தில் சின்ன வெட்டு. எங்கள் பட்டறையில் எண் அடிக்கும் பஞ்ச் செட்டில், மூன்று என்ற துண்டு ஒருமுறை கீழே விழுந்து முனை உடைந்தது. நாங்கள் அனுப்பும் பாகங்களில் எல்லாம் அந்த மூன்றைத்தான் பார்க்கிறேன்.

பக்கத்தில் நின்ற ஃபிட்டரைக் கேட்டேன். “இது யாருண்ணா அடிச்சது?”

“எனக்கென்ன தெரியும்? வெள்ளைக்காரன் அடிச்சிருப்பான்.”

“நம்ம பஞ்சை வாங்கிட்டுப் போயா?”

அவர் சிரிக்கவில்லை. விரலில் கிரீஸ் எடுத்து எண்ணின் மேல் தடவினார்.

மறுநாள் அந்த மூன்றைப் பற்றி ஒரு வரி எழுதிய ரிப்போர்ட்டை, முதலாளியிடம் காட்டாமல் நேராகப் பெங்களூர்க்காரரிடம் நீட்டினேன். படித்துவிட்டு அவர் காரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“செக்கிங் சென்னாகிதே, ரொம்ப நல்லா பண்ணிருக்கே. சிவப்பே எடுத்துக்கறேன். இந்த ஒரு லைன் மட்டும் பேடம்மா, எடுத்துடு.”

முதலாளி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்காகத்தானே சார் எழுதினேன்?”

“நானே வெச்சுக்கறதுன்னா நீ சொல்றது சரி.”

“அப்ப இந்த ரிப்போர்ட் யாருக்கு?”

பெங்களூர்க்காரர் ரிப்போர்ட்டையும் ஒரு பேனாவையும் என்னிடம் நீட்டினார். அவரிடம் அடுத்து வாங்கப்போகிறவருக்கு என்று புரிந்தது. தாளை மடிப்பிலேயே கிழித்தேன். பச்சைப் பாதியில் கையெழுத்திட்டு முதலாளியிடம் கொடுத்தேன். சிவப்புப் பாதி, கையெழுத்தில்லாமல், என் பைக்குள் போனது. பெங்களூர்க்காரர் எதையும் எடுக்காமல் கிளம்பினார்.

திங்கட்கிழமை பஞ்ச் பெட்டியைத் திறந்தேன். மற்ற ஒன்பது எண் துண்டுகளிலும் பழைய எண்ணெய்க் கறை. முனை உடைந்த மூன்று இருந்த இடத்தில் மட்டும் புத்தம் புதிய மூன்று.