கைக்குள் நிற்காத சாவிக்கொத்து

பிஸ்கட் பாக்கெட் வாங்கினால்கூடக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கிற ஆள் நான். அப்பேர்ப்பட்ட நான், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, பெயரே இல்லாத மஞ்சள் மாத்திரை ஒன்றைச் சில மாதங்கள் தினமும் விழுங்கினேன். காரணம் தொப்பை. இதைவிடக் கௌரவமான காரணம் எதுவும் கைவசம் இல்லை.

"பசியும் எடுக்காது, தூக்கமும் வராது சார்" என்று அதை எனக்குக் கொடுத்தவர் எங்கள் கிரேன் ஆபரேட்டர். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி தயாரிக்கும் ஆலை எங்களுடையது. நான் அங்கே ஸ்டோர்ஸ் பொறுப்பாளன். மாற்று ஆள் வராவிட்டால் அவர் அடுத்த ஷிப்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே கூண்டில் அவர் கண்ணயர்ந்தால் கீழே நிற்பவன் தலையில் இரும்பு இறங்கும். ஆகவே ஆந்திர எல்லையைத் தாண்டிப் போய் யாரோ ஒரு லாரிக்காரரிடம் இந்த மாத்திரையை வாங்கி வருவார்.

போட்டதும் நெஞ்சு திடுதிடுவென்று அடிக்கும். நான் அதை இளமை திரும்புகிறது என்று எடுத்துக்கொண்டேன். தனக்குத் தலை வலிக்கிறது என்று அவர் சொன்னபோது, உலைச் சூடுதான் காரணம் என்று விளக்கமும் கொடுத்தேன். நாலு புத்தகம் படித்தவனுக்கு எதற்கும் விளக்கம் கிடைத்துவிடும்.

ஒரு நாள் மதியம் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் ஏதோ சொல்ல வந்தார். சொல் கொழகொழவென்று வந்தது.

"இன்னா தலைவா, பட்டப்பகல்லயே ஏத்திக்கினியா?" என்றார் எதிரில் இருந்த ஃபிட்டர்.

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரிக்கப் பார்த்தார். வாயின் ஒரு பாதிதான் சிரித்தது. மறுபாதி தனக்குச் சம்பந்தமில்லாதது போலத் தொங்கியது. அதன் வழியே சாம்பார் ஒழுகியது. அதற்கும் சிரித்தோம். பிறகுதான் அவர் பெஞ்சிலிருந்து சரிந்தார்.

"வலிப்புடா! இரும்ப குடு கையில!" என்று யாரோ கத்தினார்கள். டன் கணக்கில் இரும்பு கிடக்கும் இடத்தில் ஆளாளுக்கு இரும்பைத் தேடி ஓடினார்கள். இடுப்பில் ஸ்டோர்ஸ் சாவிக்கொத்தை மாட்டியிருந்த நான் முந்திக்கொண்டேன். அவருடைய வலது கையில் வைத்து அழுத்தினேன். விழுந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது. "கெட்டியா புடிச்சிக்கோ நைனா" என்று அதட்டினேன். அவர் கண்கள் என்னையே பார்த்தன. இடது கை என் சட்டையை விடாமல் பிடித்திருந்தது. ஒரு கை பிடிக்கிறது, ஒரு கை பிடிக்கவில்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒருவர் சோடாவை வாயில் ஊற்றினார். புரையேறியது. "பாவம், எத்தினி நாளா தூங்காத மனுசன். உடுங்க, தூங்கட்டும்" என்று ஃபேனுக்கு அடியில் கிடத்திவிட்டு அவரவர் வேலைக்குப் போனோம். குறட்டை ஒரு மாதிரியாக மாறிய பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம்.

சென்னை மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்த டாக்டர் வெளியே வந்தார்.

"ஸ்ட்ரோக். மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு. பேச்சு குழறிச்சா? வாய் கோணிச்சா? ஒரு பக்கத்துக் கை விழுந்துச்சா? இதுல ஒண்ணு இருந்தாலே உடனே கெளம்பி வந்திருக்கணும். ஏன் இவ்வளவு லேட்டு?"

மூன்றுமே இருந்தன. இரண்டுக்குச் சிரித்தோம், ஒன்றுக்குச் சாவி கொடுத்தோம். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?"

"அய்யோ, டீ கூட அவ்ளோவா குடிக்கமாட்டாரு" என்றார் அவருடைய மனைவி.

நான் சட்டைப் பையிலிருந்து என் மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். "இதைத்தான் சாப்பிட்டார்."

"இது எப்படி உங்ககிட்ட?"

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். நானும் சாப்பிடுகிறேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். டாக்டர் எனக்கும் பிரஷர் பார்க்கச் சொன்னார். நர்ஸ் ஒரு தடவை பார்த்தார், நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார், பிறகு என்னை உட்காரச் சொன்னார்.

"இது தூக்கத்த மட்டும் வெரட்டாது. இதயத்தப் போட்டு அடிக்கும், பிரஷர எகிற வைக்கும். அவருக்குக் குழாய் தாங்கல. உங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் தாங்கியிருக்கு, அவ்வளவுதான்" என்று பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார் டாக்டர்.

ஆபரேட்டர் பிழைத்துவிட்டார். வலப்பக்கக் கை காலுக்கு அசைவு திரும்பவில்லை. சொற்கள் இடம் மாறிவிட்டன. தாகமெடுத்தால் "கொக்கி" என்கிறார். மனைவி தண்ணீர் எடுத்து வருகிறார்.

ஆலையில் என்னைப் பேசச் சொன்னார்கள். கேன்டீனில் நின்று, வாயைக் கோணி, கையைத் தொங்கவிட்டு, நாக்கைக் குழறி நடித்துக் காட்டினேன். இரும்பு வேண்டாம், சோடா வேண்டாம், தூங்க விடவும் வேண்டாம், உடனே ஆம்புலன்ஸ் என்றேன். மாத்திரை என்ன செய்யும் என்பதையும், என் பிரஷர் கதையையும் மறைக்காமல் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பரவாயில்லை, உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கூட்டம் கலைந்ததும் ஃபிட்டர் பக்கத்தில் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"நல்லா சொன்ன சார். மனசே பேஜாராயிடுச்சு."

தோளைத் தட்டிக் கொடுத்தேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"எனக்கு இந்த வாரம் பூரா டபுள் டூட்டி சார். அவரும் படுத்துட்டாரு. அந்த மாத்திரய இப்ப யாரு எடுத்தாறாங்க?"