ஈரத்துக்கு நிறையில்லை

அப்பா இறால் கூடையை இரண்டு தரம் உலுக்குகிறார். தண்ணீர் வடியும்வரை சாய்த்துப் பிடிக்கிறார். இன்னொரு தரம் உலுக்கிவிட்டுத்தான் தராசில் வைக்கிறார். தோணிக்காரர் யாராவது முணுமுணுத்தால், முகத்தைப் பார்க்காமலே சொல்கிறார்: "ஈரத்துக்கு நிறையில்ல தம்பி." முப்பத்தொரு வருடமாக இதே உலுக்கல், இதே வார்த்தை.

என் அப்பா வினாயகமூர்த்தி. கொக்கட்டிச்சோலைப் பக்கமாக, வாவியின் மேற்குக் கரையில் ஒரு சின்ன இறங்குதுறையில் நிறுக்கிறவர். தோணிக்காரர் விற்கிறார்கள். காத்தான்குடியிலிருந்து ஐஸ் பெட்டி லொறியோடு வரும் உசனார் வாங்குகிறார். அப்பா நடுவில் நிற்கிறார். இரண்டு பக்கமும் அவரைத் திட்டுகிறது. இரண்டு பக்கமும் வேறு ஆளைத் தராசுக்குக் கிட்ட விடுவதில்லை. "மூர்த்தியண்ணன் எனக்கு மாமனாரா வந்திருந்தா, சீதன வீட்டையும் ஓடு கழட்டி உலுக்கித்தான் தந்திருப்பார்" என்று உசனார் எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பார். அவர் வாங்கிவந்த டிஜிட்டல் தராசு பொலித்தீன் உறையோடு லொறியில் கிடக்கிறது. அப்பாவுக்கு முள் வைத்த பழைய மேடைத் தராசு போதும்.

நண்டுக்கு இன்னொரு வழக்கம் வைத்திருக்கிறார். கூடையில் சினை நண்டு கண்டால் தனியே எடுத்து, கொடுக்கில் சிவப்பு நைலோன் நூலால் ஒரு முடிச்சுப் போடுவார். சிவப்பு நூல் கட்டியது தராசில் ஏறாது. நிறுவை முடிந்ததும் முடிச்சை அவிழ்த்து வாவியில் விடுவார். அந்தத் துறையில் சிவப்பு நூல் என்றால் தொடாதே என்று அர்த்தம். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற காரியம் இது.

ஐந்தடி எட்டு அங்குல உயரம். சேட்டுக் கழுத்துக்குள் இரண்டு விரல் விட்டால் இன்னும் இரண்டு விரலுக்கு இடமிருக்கும். இடுப்புச் சாரத்துக்கு மேலே அகலமான பச்சைப் பட்டி கட்டுவார். பட்டியில் வலப்பக்கம் ஒரு பை. அதில் நூல் கட்டை, பேனாக்கத்தி, வெற்றிலை. "அண்ணே, கச்சான் காத்து வருது. தராசைப் புடிச்சிட்டு நில்லுங்க, ஆத்துக்க தூக்கிப் போட்டுரும்" என்று தோணிக்காரர் பகிடி பண்ணுவார்கள். அவரும் தராசுக் கம்பியைப் பிடித்துக் காட்டுவார்.

அவருடைய உடம்பு வருத்தத்தின் பெயர் சீலியாக். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் அவருடைய குடலின் உள்சுவரை அரித்துவிடும். பிறகு எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. அப்பா அதற்கு வைத்த பெயர் 'கோதம்ப வருத்தம்'. வயிறு ஊதும், இரையும், சொல்லாமல் கொள்ளாமல் இளகிப் போகும். நிறுத்துக்கொண்டிருக்கும்போது முள்ளிலிருந்து கண்ணை எடுத்து, "வயிறு கூப்பிடுது, ஒள்ளுப்பம் பொறுங்க" என்று போவார். வரும்வரை ஒருவரும் தராசைத் தொடமாட்டார்கள். பஸ்ஸில் ஏறுமுன் எந்தச் சந்தியில் மலசலகூடம் இருக்கிறது என்று யோசிப்பார். கலியாண வீடுகளில் தட்டு நீட்டினால் "இண்டைக்கு விரதம்" என்பார். அந்த வருடங்களில் அவர் பிடித்த விரதங்களை எந்தப் பஞ்சாங்கத்திலும் காணமுடியாது.

கண்டுபிடிக்க மூன்று வருடம் போனது. வாய்வு என்றார்கள், அல்சர் என்றார்கள். ஒருவர் பெருங்காயம் குடிக்கச் சொன்னார். கடைப் பெருங்காயத்தில் கோதுமை மா கலந்திருப்பது பிறகுதான் தெரிந்தது. அறுபத்தொரு கிலோவில் இருந்தவர் நாற்பத்தாறுக்கு வந்த பிறகு, வாய்க்குள்ளால் கமரா விட்டுப் பார்த்துப் பெயர் சொன்னார்கள். மருந்து இல்லை. கோதுமையைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

நான் அப்போது கொழும்பில், தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. அம்மாவுக்குக் கோதுமை கலந்த இருபத்தேழு பொருட்களின் பட்டியலை வட்சப்பில் அனுப்பினேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். அம்மா பட்டியலை ஒரு தரம் பார்த்துவிட்டு, "சரி மனே, விளங்குது" என்று பதில் போட்டா. பிறகு தன் பாட்டில் செய்தா. அரிசியை வீட்டிலேயே இடித்து வறுத்தா. வந்து போகிறவர்களுக்கும் தனக்கும் கோதுமைப் புட்டு வேண்டியிருந்ததால் குசினியில் எல்லாவற்றையும் இரண்டு சோடி ஆக்கினா. மா அரிக்கும் அரிதட்டு இரண்டு. புட்டு அவிக்கும் பனையோலை நீத்துப்பெட்டி இரண்டு. ஒரு சோடியில் சிவப்பு நூல் கட்டினா. இரண்டு வருடத்தில் அப்பா ஐம்பத்துமூன்று கிலோ.

போன வருடம் மார்கழியில் அம்மா செத்துப்போனா. காலையில் நெஞ்சு நோகுது என்றவ, பத்து மணிக்கு இல்லை. நான் இடமாற்றம் எடுத்து மட்டக்களப்புக்கு வந்தேன். அப்பா அதன் பிறகு குசினிக்குள் வரவில்லை. வாசல்படியில் நின்று சோற்றுக் கோப்பையை வாங்கிக்கொண்டு பின்விறாந்தையில் இருந்து தின்பார்.

சமையலை நான் எடுத்தேன். குசினியில் இரண்டு சோடி தொங்கியது. எங்கள் ஆய்வுகூடத்தில் சிவப்பு மூடி போட்ட போத்தல்தான் கிருமி நீக்கியது. வேறெதற்கும் எடுக்கக்கூடாதது. ஆகவே சிவப்பு நூல் கட்டியது அப்பாவுடையது என்று எடுத்துக்கொண்டேன். நூல் கட்டாததில் எனக்குக் கோதுமை மா அவித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் துறைக்குப் போய், நிறுவை தொடங்குமுன் அப்பாவை அதே மேடைத் தராசில் ஏற்றி நிறையைக் கொப்பியில் எழுதுவேன். கணினியில் ஒரு வரைபடம். ஐம்பத்துமூன்று, ஐம்பத்திரண்டு, ஐம்பது. ஆடியில் நாற்பத்தேழு. வயிறு திரும்பவும் கூப்பிடத் தொடங்கியது. "எங்கேயோ கோதுமை உள்ளே போகிறது. தேடுங்கள்" என்றார் டொக்டர். நான் தேடினேன். மா வைக்கும் பேணியைத் தேடினேன், தூள் வகைகளைத் தேடினேன். மிஞ்சியது அப்பா. காலையில் அவர் சந்தியில் உள்ள, கோதுமை மாப் பணிஸ் விற்கும் தேத்தண்ணிக் கடையில் பத்து நிமிடம் இருப்பது எனக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம், பின்விறாந்தையில் அவர் சோற்றில் கை வைத்திருக்கும்போது கேட்டேன்.

"அப்பா, சந்தியில என்ன தின்னுறீங்க?"

"ஒண்டும் இல்ல மனே. பிளேன்டீதான்."

"பொய் சொல்ல வேணாம். நிறை குறையுது. வீட்டுக்குள்ளால கோதம்ப வர வழியில்ல. எல்லாம் நான் பாத்துத்தான் செய்யிறன்."

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஓம் மனே. பணிஸ் ஒண்டு... ரெண்டு திண்டன். இனித் தின்ன மாட்டன்."

"அம்மா இருந்தா இப்படித் திண்டிருப்பீங்களா?"

அவர் பாதிச் சோற்றில் கை கழுவினார். நான் அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி எனக்கு இருந்தது. அதை எழுதத்தான் வேண்டும்.

அடுத்த ஞாயிறு முள் ஒரு கிலோ ஏறி நின்றது. நாற்பத்தெட்டு. பிறகு வந்த ஞாயிறுகளிலும் அதிலிருந்து பெரிதாக இறங்கவில்லை. வரைபடத்தில் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் 'பணிஸ் நிறுத்தம்' என்று எழுதினேன். அதே கிழமைகளில் அவர் பச்சைப் பட்டியில் இன்னொரு துளை போட்டதையும் கண்டேன். பழைய பட்டி, இழுபட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்குச் சமைக்கச் சின்னம்மா தன்னாமுனையிலிருந்து விடியவே வந்துவிட்டா. அப்பாவுக்கு முதலில் புட்டு அவித்துக் கொடுப்போம் என்று நான் சிவப்பு நூல் அரிதட்டை எடுத்தேன். அவ என் கையைப் பிடித்தா.

"இத ஏன்டா எடுக்கிறாய்?"

"இதுதானே அப்பாட. நூல் கட்டிக் கிடக்கு."

"அட அறுவானே! அது கோதம்ப மாவுட. தொடாத எண்டுதான் அக்கா சிவப்பு நூல் கட்டின. கொப்பர் நண்டுக்குக் கட்டுறத நீ ஒரு நாளும் பாக்கலயா?"

அவ அரிதட்டை என் கையிலிருந்து வாங்கினா.

"மத்தத்தில என்ன அவிச்சாய்?"

"எனக்குக் கோதம்பப் புட்டு."

சின்னம்மா அரிதட்டை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டா. "எனக்குப் போனில ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கக் கூடாதா மனே?"

அரிதட்டின் மரச்சட்ட இடுக்கில், பனையோலைப் பின்னலுக்குள், வருடக்கணக்கான கோதுமை ஏறிக் கிடந்தது. கழுவினால் போகாது. ஒவ்வொரு தடவையும் ஆவி ஏறும்போது அது அப்பாவின் புட்டுக்குள் இறங்கியிருக்கிறது. மற்றச் சோடியை நானே கெடுத்துவிட்டேன். ஒரு வருடம்.

மத்தியானம் உசனார் ஒரு குலை கதலியோடு வந்தார். முற்றத்தில் வைத்து அவரிடம் தனியே கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"பணிஸா? மூர்த்தியண்ணனா? தம்பி, கடைக்காரன் தட்டக் கொண்டு வந்து வைப்பான். இவர் ஒரு விரலால தள்ளி எனக்கிட்ட வைப்பார். மூணு வருசமா அவர்ட பணிஸ நான்தான் தின்னுறன். என்ட வயித்தப் பாத்தா விளங்கல்லியா?"

சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

அன்று பின்னேரமே நான்கையும் அடுப்பில் போட்டேன். நூலை மட்டும் அவிழ்த்து வைத்தேன். ஆண்டு வீட்டில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சனி போய் ஞாயிறு வந்தது.

துறையில் தோணிகள் இன்னும் வரவில்லை. அப்பா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"அப்பா, பணிஸ் இல்ல. என்ட பிழை. கோதம்ப அரிதட்டிலதான் உங்கட மாவ அரிச்சன். நூல நான் மாறி விளங்கிட்டன்."

துடைத்த கை நின்றது. வாவியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "கொம்மா சிவப்பு நூலா கட்டினவ?"

"ஓம்."

"என்னட்ட இருந்துதான் எடுத்திருக்கா. கேக்காமலே." முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

"திண்டன் எண்டு ஏன் சொன்னீங்க?"

"நீயும் அவ போன நாள்ல இருந்து தனியக் கிடந்து அவிக்கிறாய். வேற என்னத்தச் சொல்ல?"

நான் கொப்பியைத் திறந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் வழக்கம்போலத் தராசில் ஏறினார். முள் ஆடி நாற்பத்தெட்டுக்குக் கிட்ட நின்றது. எழுதப் போனேன்.

"பொறு" என்றார்.

கீழே இறங்கினார். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பச்சைப் பட்டியைத் தளர்த்தினார். சாரத்தின் மடிப்புக்குள்ளிருந்து வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பக்கத்தில் கிடந்த பெட்டி மூடியில் வைத்தார். ஆறு குண்டுகள். ஒரு கிலோவுக்குக் குறையாது. பட்டிப் பையிலிருந்து சிவப்பு நூலை இழுத்து, ஆறையும் கோர்த்து, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். அதைத் தராசுக்கு எட்டாத தூரத்தில், மணலில் வைத்தார்.

பிறகு சாரத்தை இரண்டு தரம் உதறிக் கட்டிக்கொண்டு, திரும்பவும் தராசில் ஏறி நின்றார்.