எட்ட நின்று எடுத்த ஐம்பது கேபி

இன்று காலை நாகலூர் பஸ்ஸில் ஸ்டெல்லா அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். விடுதி வார்டன் வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கிறார். இன்றுதான் கடைசி நாள்.

"ஏங்கண்ணு, நீ கம்ப்யூட்டர் வேலைதான? போட்டோ அம்பது கேபிக்குள்ள இருக்கோணுமாம். எத்தன வாட்டி போட்டாலும் பெருசுங்குது."

படத்தைப் பார்த்தேன். சில்வர் ஓக் மரங்கள், மிளகுக்கொடி, ஒரு நாய். தூரத்தில் காப்பிச் செடிகளுக்கு நடுவே பொட்டு மாதிரி அக்கா.

"சின்னதாத் தெரியோணும்னு எட்டப் போயி நின்னு எடுத்தேன்."

"அக்கா, கேபிங்கிறது ஆளோட அளவு இல்லீங்க. படம் போன்ல எவ்வளவு இடத்தை அடைக்குதுங்கிறதுதான். இத்தனை இலை இருந்தா கூடத்தான் செய்யும்."

பின்சீட்டு அண்ணன் தன் வெள்ளைத் துண்டை அக்காவுக்குப் பின்னால் விரித்துப் பிடித்தார். கிட்ட நின்று படமெடுத்து, நாற்பது கேபியாகச் சுருக்கினேன்.

சிக்னல் கிடைக்கும் வளைவில் கண்டக்டர் விசிலடித்து பஸ்ஸை நிறுத்தினார். "அக்கா போட்டோ ஏறட்டுமுங்க!"

ஏறியது. பஸ்ஸே கைதட்டியது.

அதற்குள் அடுத்த பக்கம் திறந்தது. கையெழுத்தின் படம் வேண்டும், இருபது கேபிக்குள்.

அக்கா மெதுவாகச் சொன்னார்: "அதையும் எட்ட நின்னுதான் கண்ணு எடுத்தேன்."

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

ஆபீஸுக்கு ஏன் தாமதம் என்று என் மேனேஜரிடம் என்ன சொல்லலாம்? கமெண்டில் போடுங்கள். ஐம்பது கேபிக்குள்.