குறிகட்டுவான் வரை போய் வந்த சனிக்கிழமை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குறிகட்டுவான் வரை என்னைத் தனியே சைக்கிள் ஓட வைத்தது என் கால்களல்ல, அந்த வாய்தான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்பு வீட்டை விட்டு, கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா, அம்மா, நான். யாழ்ப்பாணப் பட்டினத்தில் மாமாவின் வீட்டுப் பின்னறைகளில் இருந்தோம். கொழும்பில் தன் கந்தோரில் இருந்த எல்லோரையும் அதட்டி வேலை வாங்கிய மனிதர் அப்பா. இங்கே வந்த பிறகு வாசற் படலை திறக்கிற சத்தத்துக்கே எழும்பி நின்று பார்ப்பவராகிவிட்டார். அடுத்த தையில் எனக்கு ஆசிரியை நியமனம் வந்தது. புங்குடுதீவில், இறுப்பிட்டி என்கிற ஊரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். நான் துள்ளிக் குதித்தேன். அப்பா முகத்தில் ஈயாடவில்லை.

"வேண்டாம் பிள்ளை. ஏலாது எண்டு எழுதி விடு."

"ஏன் அப்பா?"

"எவ்வளவு தூரம்! நிலைமையும் சரியில்லை. ஒரு நாளைக்கு பஸ் வராட்டி என்ன செய்வாய்?"

"சைக்கிளிலை வருவன்."

"ஓ, வருவாய்! எங்கை, ஒருக்காத் தனியப் போய்த் தனிய வந்து காட்டு பாப்பம். பொழுதுபட முன்னம் வீட்டை நிக்கவேணும். நிண்டால் நான் வாயே திறக்க மாட்டன்."

நான் பயந்து பின்வாங்குவேன் என்று நினைத்துத்தான் சொன்னார். "சரி, சனிக்கிழமை," என்றேன். திங்கட்கிழமை போய் வேலையை ஏற்காவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். குசினிக்குள் நின்ற அம்மா, "அப்பனுக்கும் மகளுக்கும் விசர்," என்று சொல்லிவிட்டுத் தேங்காயைத் துருவினார்.

சனிக்கிழமை விடியும்போதே வெளிக்கிட்டேன். மாமாவின் மகளுடைய சைக்கிள், ஒரு போத்தல் தண்ணீர், பையில் இரண்டு பனங்கிழங்கு. பட்டினத்தின் எல்லையில், பண்ணை என்கிற இடத்தில் நின்ற ஆமிக்காரன் என்னையும் சைக்கிளையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போ என்று கையைக் காட்டினான். அதற்கப்பால் கடலுக்கு நடுவே நீட்டிப் போட்ட தெரு, தாம்போதி. இரண்டு பக்கமும் தண்ணீர். மிதிக்கிறேன், மிதிக்கிறேன், சைக்கிள் பறக்கிறது! என் கால்களில் இவ்வளவு பலம் இருந்ததா? கொழும்பில் பஸ்ஸுக்கு ஓடினாலே மூச்சு வாங்குகிறவள் நான். அட, நான் பெரிய ஆள்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் இல்லாத இடத்தில் வாய்விட்டுப் பாடவும் செய்தேன். என் பாட்டைக் கேட்டிருந்தால் கடல் கொக்குகளே பறந்து போயிருக்கும்.

அல்லைப்பிட்டி, மண்கும்பான் எல்லாம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. வேலணையில் இறங்கி நின்றேன். தெருவின் ஒரு பக்கம் வெட்டுகிற பருவத்தில் நெல், மறுபக்கம் புகையிலைக் கன்றுகள், அவற்றுக்குப் பின்னால் பனைகள். தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கூப்பிட்டார்.

"பிள்ளை, ஆரின்ரை ஆள் நீர்? எங்கை தனியப் போறீர்?"

"இறுப்பிட்டிக்கு அக்கா. பள்ளிக்கூடம் பாக்க."

"சனிக்கிழமையோ?"

"ஓம். ஆக்கள் இல்லாத நேரம் பாத்தால்தானே வடிவாப் பாக்கலாம்."

அவர் சிரித்த சிரிப்பில் நான்கு தோட்டத்தார் தலை நிமிர்த்தினார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆறு மாதமாக எங்கள் அறைகளில் யாரும் அப்படிச் சத்தமாய்ச் சிரித்திருக்கவில்லை.

வங்களாவடிச் சந்தியில் தெரு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று புங்குடுதீவுக்கு. மற்றது ஊர்காவற்றுறைக்கு. நேரே இறுப்பிட்டிக்குப் போயிருக்கவேண்டும். ஆனால் இவ்வளவு கெதியாய் வந்தவளுக்கு ஊர்காவற்றுறை எந்த மூலைக்கு? திருப்பினேன்.

அந்தப் பழைய பட்டினத்தை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. கப்பல்கள் வந்து போன காலத்துப் பண்டசாலைகள், ஒரு முழம் தடிப்பில் சுண்ணாம்புச் சுவர்கள், உயர்ந்த மரக் கதவுகள், கோயில் மணிக்கூண்டு. தெருவின் முடிவில் கடல், கடலுக்குள் ஒற்றையாய் ஒரு கோட்டை. தண்ணீரிலிருந்தே சுவர் எழும்பி நின்றது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பிறகு துணிந்து ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் போனேன். உள்ளே இருந்த ஆண்கள் எல்லோரும் கதையை நிறுத்தினார்கள். எனக்கென்ன வந்தது என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

கடைக்கார அண்ணை பால் விடாத பிளேன்ரீயைக் கொண்டுவந்து வைத்தார். "பட்டினத்திலையிருந்து சைக்கிளிலையோ வந்தனீர்?"

"ஓம் அண்ணை. காத்து மாதிரி வந்தனான்."

"ஓமோம்," என்றார் அவர். "இந்த மாதத்திலை அப்பிடித்தான் வரலாம்." கடை முழுவதும் சிரித்தது. என்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன்! இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

திரும்ப வங்களாவடிக்கு வந்து மற்றத் தெருவைப் பிடித்தேன். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவில் இன்னொரு தாம்போதி. அதில் நான் மிதிக்கவேயில்லை என்று சொன்னாலும் பொய்யில்லை. இறுப்பிட்டிப் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. யன்னல் கம்பிக்குள்ளால் எட்டிப் பார்த்தேன். கரும்பலகையில் யாரோ அழிக்க மறந்த கழித்தல் கணக்கு, விடை பிழை. உள்ளே போய்த் திருத்தவேண்டும்போல் கை துடித்தது. இந்த வகுப்பு எனக்கு வேண்டும். அதுவரை அப்பாவோடு வீம்புக்குத்தான் நின்றேன். அந்த யன்னலடியில்தான் உண்மையாகவே வேண்டும் என்று தோன்றியது.

இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் தெரு முடிகிற இடத்தைப் பார்க்காமல் போவதா? குறிகட்டுவான் வரை போனேன். பஸ் ஓட்டமும் அங்கேதான் முடிகிறது. துறைமுகத்தில் நெடுந்தீவு வள்ளத்துக்குச் சனம் சாக்கு மூட்டைகளோடு நின்றது. எதிரே நயினாதீவு கைக்கெட்டுகிற தூரத்தில் தெரிந்தது. அம்மன் கோயில் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். பனங்கிழங்கை உரித்துத் தின்றேன். என்னைப்போல் சந்தோஷமான ஆள் அன்று ஏழு தீவிலும் இருந்திருக்க மாட்டாள். பிறகு வெயில் சாயத் தொடங்கியதைக் கண்டு சைக்கிளைத் திருப்பினேன்.

திருப்பியதும் முகத்தில் அறைந்தது காற்று.

வாடை. தை மாதத்தில் வடகிழக்கிலிருந்து அடிக்கிற காற்று. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது சொல்லித் தெரியவேண்டியதில்லை. கொழும்பில் வளர்ந்த எனக்கோ பஸ் எப்போது வரும் என்று தெரியும், காற்று எங்கிருந்து வரும் என்று தெரியாது. காலையிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனது என் கால்கள் இல்லை! தேத்தண்ணிக் கடையின் சிரிப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது. எழும்பி நின்று மிதித்தேன். பாவாடை காலைச் சுற்றியது, கண்ணுக்குள் மணல். நின்றால் சைக்கிள் பின்னால் போய்விடும்போல் இருந்தது.

புங்குடுதீவுத் தாம்போதியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தபோது பின்னால் பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி கத்தினார்.

"தங்கச்சி, ஏறும்! சைக்கிளை மேலை போடுவம்."

என் கை சைக்கிளைத் தூக்கிக் கொடுக்கத் தயாராகவே இருந்தது. ஆனால் "தனிய வந்து காட்டு" என்ற அப்பாவின் குரலும் கூடவே கேட்டது.

"வேண்டாம் அண்ணை. நான் சைக்கிள் ஓடித்தான் வரவேணும்."

"ஆர் சொன்னது?"

"நான்தான்."

"விசர்ப் பிள்ளை," என்று மணியை அடித்தார். பஸ் போய்விட்டது. அது கண்ணுக்கு மறையுமட்டும் என்னை நானே திட்டினேன்.

வேலணையில் வைக்கோல் ஏற்றிய ட்ரக்டர் ஒன்று எனக்கு முன்னால் தெருவில் ஏறியது. அதற்குப் பின்னால் போனதும் காற்று சட்டென்று நின்றது. என்ன மாயம் இது? கொஞ்சம் விலகினால் காற்று, உள்ளே வந்தால் இல்லை. வைக்கோற் போரின் முதுகைப் பிடித்துக்கொண்டதுபோல் ஒட்டிக்கொண்டு மிதித்தேன். ஓட்டி வந்தவர் திரும்பிப் பார்த்து, "காத்துக்கு ஒளிச்சு விளையாடுறீரோ? ஒளியும், ஒளியும்!" என்றார். மண்கும்பானில் அவர் ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டார். மறுபடியும் நானும் வாடையும்.

பண்ணைத் தாம்போதிக்கு வந்தபோது சூரியன் என் முதுகுக்குப் பின்னால் கடலைத் தொட்டுவிட்டது. தூரத்தில் பட்டினத்தின் கோட்டை தெரிகிறது, வீடு தெரியவில்லை. தோற்றுப்போனேன். இறுப்பிட்டி வகுப்பு போய்விட்டது. அழுகை வந்தது. காற்றுக்கு எதிரே அழுவதும் லேசில்லை, கண்ணீர் காதுக்குள் போகிறது.

எதிரே ஒரு சைக்கிள் கடுகதியில் வந்தது. வேட்டி பாய்மரம்போல் விரிந்திருந்தது. மாமாவின் பழைய சைக்கிளில் அப்பா!

"பிள்ளை! பிள்ளை! பிரேக் பிடிக்குதில்லை!" என்று கத்திக்கொண்டே என்னைக் கடந்து போனார்.

தூரத்தில் போய்க் காலை ஊன்றி நிறுத்தினார். திரும்பி என்னிடம் வந்து சேர்வதற்குள் அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. "பஸ்காரனை விசாரிச்சனான்," என்றார் மூச்சு வாங்க. "ஒண்டு வருது, ஏறச் சொன்னால் ஏறுதில்லை எண்டான். அதுதான் கூட்டிக்கொண்டு போக வெளிக்கிட்டனான்." பிறகு வானத்தைப் பார்த்தார். சூரியனில் ஒரு கீற்றுத்தான் மிச்சம்.

"வா, நான் முன்னாலை போறன். நீ பின்னாலை வா," என்றார்.

கொஞ்சத் தூரம்தான் போனார். காற்று அவரை அப்படியே நிறுத்தியது. இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இருமினார். "இதென்ன காத்தடா இது! காலமையிலையிருந்து இதுக்குள்ளையோ நிண்டனீ?"

"போகேக்கை இல்லை. வரேக்கைதான்," என்றேன். "அப்பா, நான் முன்னாலை போறன். என்ரை முதுகுக்குப் பின்னாலை ஒட்டிக்கொண்டு வாங்கோ. விலகாதேங்கோ."

"உன்னை மறைப்பாக்கிக்கொண்டோ?"

"வாங்கோ அப்பா. இருட்டப் போகுது."

மிதித்தேன். கால்கள் எரிந்தன. ஆனால் இந்த முறை காற்று எந்தப் பக்கம் என்று தெரியும், எவ்வளவு குனியவேண்டும் என்று தெரியும். பின்னால் அப்பாவின் மூச்சு முதலில் பலத்துக் கேட்டது, பிறகு மெல்ல மெல்ல அடங்கியது. கொஞ்ச நேரத்தில், கொழும்பை விட்டு வந்த பிறகு நான் கேட்டிராத ஒன்று கேட்டது. அப்பா ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவார் என்று பயம்.

வீட்டுக்குள் விளக்கு வைத்தாகிவிட்டது. அம்மா படலையில் நின்றார். என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னனான், தனிய விடாதேங்கோ எண்டு. எங்கையிருந்தப்பா கூட்டிக்கொண்டு வாறியள் இவளை?"

நான் குனிந்துகொண்டு நின்றேன். அப்பா சைக்கிளை மதிலில் சாய்த்தார். வேட்டியை உதறிக் கட்டினார்.

"நான் எங்கை கூட்டிக்கொண்டு வந்தது?" என்றார். "அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவள். திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு உடுக்க அவளின்ரை சீலையை மினுக்கி வை."