குச்சியில் இரண்டு விரல்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்திலிருந்து கிளம்பி, ராமநாதபுரம் கடற்கரையில் கடலட்டை அவிக்கும் கொட்டகையில் சேர்ந்தேன். கடலடியில் மணலைத் தின்று கிடக்கும் முழங்கை நீள உயிர் அது. குடலெடுத்து, அவித்து, மணலில் புதைத்து, தோலைத் தேய்த்துக் காயவைத்தால் விரலளவு சுருங்கிவிடும். நம் ஆட்கள் யாரும் தின்பதில்லை, கப்பலேறிப் போகும்.

முட்டையிடும் முன்பே பிடித்தால் இனம் அற்றுவிடும் என்று அரசு ஓர் அளவு வைத்திருந்தது. அந்தக் கணக்குக்குக் குச்சி வெட்டி, கடலில் மூழ்கி அட்டை எடுப்பவர்களிடம் கொடுப்பது என் வேலை. குச்சியைவிடச் சின்னதை அவர்கள் உயிரோடு கடலிலேயே விட்டுவிடுவார்கள்.

மூடை நிறையாமல் முதலாளி என்னை ஊருக்கு விடமாட்டார். ஒரு தீபாவளிக்கு முன்னால் குச்சியில் இரண்டு விரல் குறைத்து வெட்டினேன். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்ததுதான். சின்ன அட்டைகளை மூடையின் நடுவில் போட்டுத் தைத்தேன். அடுத்த வருடம் இன்னும் இரண்டு விரல். பிறகு அலுத்துப்போய் வேறு பிழைப்புக்குக் கிளம்பிவிட்டேன்.

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறியில் இருந்தேன். அட்டை எடுத்தவர்களில் ஒருவர், என்னைவிட மூத்தவர், விசாரித்துக்கொண்டு வந்தார். கடலில் அட்டையே இல்லை, வேலை வேண்டும் என்றார். சேர்த்துவிட்டேன். பஞ்சுத் தூசியில் இருமினார்.

“ஏலே, கடலுக்குள்ள மூச்சடக்குன மனுசன் இங்க மூச்சுவிடத் திண்டாடுதாரே!” என்று பக்கத்துத் தறிக்காரன் சிரித்தான். அவரும் சிரித்தார்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: “உங்க குச்சிக்குக் கீழ ஒண்ணுகூட நான் எடுத்ததில்ல தம்பி. எங்கூட முங்குன எங்கண்ணன்தான் சின்னத எல்லாம் திருட்டுத்தனமா எடுத்து அழிச்சுப்புட்டான். அவனோட பேச்சை விட்டு நாலு வருசமாச்சு.”

“அவரு என்ன சொல்லுதாரு?”

“எடுக்கலன்னு பிள்ளை தலையில அடிச்சு சத்தியம் பண்றான். யாரு நம்புவா?”

நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.

இருமல் முற்றியதும் ஊருக்குப் போகிறேன் என்றார். ஒரு சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டரிடம் காட்டிவிட்டு, மதுரை பஸ் ஏற்றிவிடக் கூடப் போனேன். பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

“அண்ணாச்சி, குச்சியவே நாந்தான் குறைச்சு வெட்டுனேன். ஒங்க அண்ணன் மேல தப்பில்ல.”

டீயைக் கீழே வைத்தார்.

“எம்புட்டு?”

நான்கு விரலைக் காட்டினேன். தன் விரல்களை அதன்மேல் வைத்து அளந்து பார்த்தார்.

“நான் போய் நின்னா அவன் கதவத் தொறக்கமாட்டான். அப்படிப் பேசிப்புட்டேன். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. இதே பஸ்ல போவோம்.”

“நாளைக்கு எனக்கு ஷிப்ட் இருக்கு, அண்ணாச்சி.”

மறுநாள் ஞாயிறு, தறி ஓடாது. ஒரு மாதம் அங்கே வேலை பார்த்த அவருக்கும் அது தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறினார். ஜன்னலோரம் இடமிருந்தும் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.